குடம் இறக்குகிறவன்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணன் இன்றும் என்னைக் கேட்காமலே வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கோயில் வாசலில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, "வாத்தியாரு ஊட்ல உக்காந்து செவுத்துல வெரலு ஓட்டிட்டுத்தானே இருக்கறான். கெழக்குப் பக்கத்து அழைப்புக்கு அவன் போகட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது.

சுவரில் விரல் ஓட்டுவது விளையாட்டல்ல. என் வலது தோள் இறுகிப்போயிருக்கிறது. கை காதுக்கு மேல் எழும்பாது. விரல்களைச் சுவரில் மெல்ல ஏறவிட்டு, எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குறித்து வருகிறேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுகின்றன.

எதையும் வரையறுத்துவிட்டுத் தொடங்குவது வேதியியல் சொல்லிக்கொடுத்தவனின் பழக்கம். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குச் செப்டம்பர் 15 கும்பாபிஷேகம். அதற்கு முன்பு, வெள்ளிக்கிழமை, தீர்த்தம் எடுப்பது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எல்லாரும் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அதற்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. கூட்டத்தில் பிறந்து வெளியே கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்த பெண்கள் என்போம். தீர்த்தக்குடம் சுமக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். அவர்களைப் போனில் அழைக்கக் கூடாது. கூட்டத்து ஆண் ஒருவன் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்ட வேண்டும். அவர்கள் தலையில் கொண்டுவரும் குடம் தரையைத் தொடக் கூடாது. உடன்பிறந்தவன்தான் தன் கையால் அதை இறக்கி, ஒரு சேலை வைத்துக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் பெயர்களைச் சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொண்டேன். ஒரு பெயரை அவர் சொல்லவில்லை. மறந்திருப்பார். எண்பது தாண்டிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு, "ஓடுமுங்க, ஆனாச் சத்தம் இருக்குமுங்க" என்றான். சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. மோட்டார் ஓடும்போது கூடத்தில் ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. புது மோட்டார் வாங்கலாம் என்றேன். அண்ணன், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்தே, "அதெல்லாம் வேண்டாம், ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார். மோட்டார் என்னுடையது. கிணறும் என்னுடையது. சரிங்ணா என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

விட்டுப்போன பெயர் மயிலாத்தாள்.

ஏழாம் வகுப்பில் உடன்படித்தவர். அவருடைய அப்பா வெளியூரிலிருந்து இங்கே பஞ்சு மில்லுக்கு மேஸ்திரியாக வந்தவர். மில்லுக்குள்ளேயே வீடு. பஞ்சு பிரிக்கும் கொட்டகையைத் தாண்டித்தான் அந்தப் பெண் பள்ளிக்கு வர வேண்டும். அதனால் தினமும் பின்னலில் இரண்டு மூன்று பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பெண்கள் முன்னால் பாயில், பையன்கள் பின்னால் பெஞ்சில். பலகையில் இருந்த பின்னங்களைவிட அந்தப் பின்னல்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு துணுக்கை, ஒன்றே ஒன்றை, எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஈர்ப்பு என்று சொல்வது மிகை. சுத்தம் பற்றிய அக்கறையாகவும் இருக்கலாம்.

ஒருநாள் மதியம் அடிகுழாயில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் பெரிய துணுக்கு ஒன்று. கையை நீட்டிவிட்டேன். தொடவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் எனக்குச் சோற்றுப் போசியோடு சைக்கிளில் வந்து நின்றார். போசியைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் கேரியரில் உட்காரவைத்து வீட்டுக்கு மிதித்துக்கொண்டு வரும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தப் புள்ளை நம்ம கூட்டம்டா. உனக்குத் தங்கச்சி ஆகோணும். தங்கச்சியைப் போயி அப்புடிப் பாத்தீன்னா கண்ணு அவிஞ்சு போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் கண்ணைக் கழுவினேன். பல முறை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "தங்கச்சி, உன் தலையில பஞ்சு இருக்குது" என்றேன். நல்லவனாகிவிட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது. அவளே எடுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து பாயின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது வெள்ளகோவிலில் மகன் வீட்டில் இருக்கிறாராம். கணவர் இல்லை. பிறந்த பெண் என்றால் அழைக்க வேண்டியது முறை. நான் முறையை மட்டும்தான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கிளம்பும்போது விசாலாட்சி வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, முந்தாநேத்து நாலு ஊட்டுக்கு அந்தப் பழைய சட்டையிலதான் போனீங்க. இன்னிக்கு மட்டும் நீலச் சட்டையா?"

"அது அழுக்கு."

"சவரமும் ரெண்டு தடவை ஆச்சாட்டிருக்குது."

என் மனைவி நல்லவள்தான். ஆனால் எதையும் பார்க்காமல் விடமாட்டாள்.

வெள்ளகோவிலில் கதவைத் திறந்தது மருமகள். மயிலாத்தாள் உள்ளேயிருந்து, "ஆரு கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "அர்த்தநாரிங்களா?" நான் தலையசைத்தேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. தட்டை நீட்டினேன்.

"கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிறோம். பிறந்த பெண்கள் குடம் எடுக்க வர வேண்டும். அழைக்க வந்தேன்."

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருமகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இவர் கையைக் காட்டி அடக்கினார். "எனக்கா?" என்றார். "பொறந்த ஊட்டுத் தட்டு எனக்கா?"

"ஆமாம்."

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். உடனே சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். காபி குடித்துவிட்டு வந்தேன். பேச்சு வெயிலைப் பற்றி.

பேருந்தில் வரும்போது அந்தச் சிரிப்பு எதற்கு என்று யோசித்தேன். என் சட்டையில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

தேங்காய்க் கொட்டகையில் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கோயில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் உடன். யார் யாரை அழைத்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக, "நீங்கள் மறந்துவிட்டீர்கள், வெள்ளகோவில் மயிலாத்தாளையும் அழைத்துவிட்டேன்" என்றேன்.

"எந்த மயிலாத்தா?"

"பஞ்சு மில் மேஸ்திரி மகள்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "டேய், அவளுக்கு ஏன்டா தட்டு வெச்சே? அவ நம்ம கூட்டமே இல்லியே! அவங்கப்பன் கரூருப் பக்கம். வேற கூட்டம், வேற கோயலு."

"நீங்கதானேங்ணா சொன்னீங்க, நம்ம கூட்டம்னு."

"நானா? எப்ப?"

"நான் ஏழாவது படிக்கும்போது. சைக்கிளில்."

கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு அது அவருக்கு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்துகொண்டே வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கமிட்டிக்காரர்களிடம், "கேளுங்கப்பா இந்தக் கூத்தை. இவன் ஒரு புள்ளை பின்னால கையை நீட்டிட்டு நின்னான். பன்னெண்டு வயசு! படிப்புல மனசு போகாதேன்னு, அவ உனக்குத் தங்கச்சிடான்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். பய இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டிருக்கறான்! காலேசு வாத்தியாரு!" என்றார்.

மூவரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொய்யா?" என்றேன்.

"பொய்யின்னா என்ன, நல்லதுக்குச் சொன்னது. நாஞ் சொன்ன பொய்யிலதான்டா நீ வாத்தியாரானே. இல்லீன்னா மில்லுல பஞ்சு அள்ளிட்டிருப்பே." மறுபடி சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்காரனுக்குச் சொல்கிற குரலில், "நாளைக்கே போயி, தப்பா வெச்சுட்டேன்னு சொல்லித் தட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்துரு. வேற கூட்டத்துக்காரி குடம் எடுத்தா ஊரு காறித் துப்பும்" என்றார்.

சரிங்ணா என்று சொன்னேன். இதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதிவிட்டேன். சரிங்ணா என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டாரைப் போட்டேன். கூடத்தில் நின்று, அண்ணனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். மோட்டாரை நிறுத்தியபோது விசாலாட்சி அடுக்களை வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. அவளுக்கு எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

போகவில்லை. தோள் வலி என்று சொல்லியனுப்பினேன்.

சரியாக யோசிக்க வேண்டும். பொய் சொன்னது பெரிய குற்றமா? இல்லை. அண்ணன் தம்பிக்கு ஆயிரம் பொய் சொல்வான். அந்தப் பொய்யால் எனக்கு என்ன நஷ்டம்? நிரூபிக்க முடியாது. உண்மை தெரிந்திருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? இன்னும் ஒரு வருடம் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவ்வளவுதான். விசாலாட்சியோடு நல்லபடியாகத்தான் வாழ்ந்திருக்கிறேன்.

ஆனால் அவர் மறந்துவிட்டாரே! நான் ஒரு வாக்கியத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். சொன்னவருக்கு அது சொன்னதாகவே ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தினால் சிரிப்பு வருகிறது.

மதியம் சாதத்தில் கல் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். விசாலாட்சி வேறு தட்டு வைத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, சனி

போனேன். ஆமாம், தட்டைத் திருப்பி வாங்கத்தான் போனேன். அண்ணன் நேற்று இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

மயிலாத்தாள் மட்டும் இருந்தார். தட்டு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. பழம் கறுத்திருந்தது, எடுக்காமல் வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததுமே, "தட்டை வாங்கிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உக்காருங்க. இதுக்கெல்லாம் சங்கட்டப்படாதீங்க. நாஞ் சொல்லியிருக்கோணும். எங்க கூட்டம் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அன்னிக்கும் தெரியும், போன வாரமும் தெரியும்."

"அப்படியென்றால் ஏன்..."

"எங்கப்பனுக்கு நான் ஒருத்திதானுங்க. அவரு போனதுக்கப்புறம் எங்க கூட்டத்துல ஒருத்தரும் என்னை நெனைக்கலை. கூடப் பொறந்தவன் இல்லாதவளுக்குக் கோயலு ஏதுங்க? என் வயசுப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் ஒரு தடவையாச்சும் குடம் எடுத்திருக்கறாங்க. பொறந்த ஊட்டுச் சேலைன்னு கட்டிக்கிட்டு வந்து காட்டியிருக்கறாங்க. நீங்க தட்டை நீட்டுனதும் கை தானா வாங்கிருச்சு. புத்தி சொல்லிச்சு, கை கேக்கலை."

எழுந்துபோய்த் தம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். அவரே மறுபடி பேசினார். குரலில் கொஞ்சம் கேலி.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? வருசம் பூராப் பின்னால உக்காந்து என் தலையிலிருக்கற பஞ்சைப் பாத்துட்டிருந்தீங்களே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? சில நாளு வேணுமின்னே எடுக்காம வருவேன். அப்புறம் ஒருநாளு நாலு பேரு முன்னால தங்கச்சின்னீங்க. செரி, இந்தப் பையனுக்கு நம்மளைக் கண்டா ஆகலை, அதுதான் இப்புடி ஒதுக்கறான்னு எடம் மாறி உக்காந்தேன். ஊட்டுக்குப் போயி அழுதேன். எங்கம்மா வவுத்து வலியின்னு கசாயம் போட்டுக் குடுத்தா." சிரித்தார். நெற்றி மயிரைத் தடவிக்கொண்டார். முழுவதும் வெளுத்திருக்கிறது. "இப்ப எடுக்கறதுன்னாப் பூராவையும் எடுக்கோணும்."

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் வாழ்நாளில் இப்படியொரு கோபம் வந்ததில்லை. அண்ணன்மேல் என்று நினைத்தேன். தம்ளரை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் சிவந்துவிட்டது.

"நான் வரலீன்னே சொல்லிருங்க" என்றார். "உடம்பு செரியில்லீன்னு சொல்லிருங்க. உங்களுக்கு ஒரு பேச்சு வேண்டாம்."

சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. நான் சொன்னது இது: "குடம் கனமாக இருக்கும். சுமக்க முடியுமா உங்களால்?"

"சுமந்துருவேனுங்க" என்றார். "எறக்கறதுக்குத்தான் ஆளில்லை."

தட்டை வாங்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

"சொல்லிட்டியா?" என்றார் அண்ணன், மதில் சுவருக்கு மேல். தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே நிச்சயமில்லை. அவருக்குப் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். ஒரு பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவனாக இருக்கிறானாம். "சார், நீங்க சொன்னதைத்தான் என் பசங்களுக்கும் சொல்றேன். யார் சொன்னாலும் சரி, ரெண்டாவது தடவை சோதிச்சுப் பாக்காம எதையும் உண்மைன்னு எழுதாதே!" என்றான்.

"அறிவில்லாமல் பேசாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவன் மேல் என்ன தவறு? நாளைக்கு நானே அழைக்க வேண்டும்.

யாரிடமாவது ஒருமுறை கேட்டிருக்கலாம். அம்மாவிடம். அப்பாவிடம். பஞ்சு மில் வாசலில் நின்ற வாட்ச்மேனிடம்கூட. சோதித்தேனா? அண்ணன் சொன்னார். முடிந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

ஊரில் கதை பரவிவிட்டது. சலூனில் கேட்டார்கள்: "ஏனுங் வாத்தியாரே, தங்கச்சி சௌக்கியமுங்களா?" கண்ணாடியில் எல்லா முகமும் சிரித்தன. பாதி முடி வெட்டியிருந்தது. எழுந்து வரவும் முடியவில்லை.

விசாலாட்சிக்கும் எட்டியிருக்கும். அவள் கேட்கவில்லை. சாயங்காலம் தீர்த்தத்தன்று கட்ட என் வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டாள். உதறும்போது மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி உதறினாள்.

தோள் அப்படியே. கோட்டைத் தாண்டவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஊர் எல்லைக் கிணற்றடியில் குடங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். தவில் முன்னால், பெண்கள் பின்னால். கோயில் வாசலில் பந்தல். பந்தலில் நாற்காலி போட்டு அண்ணன், கையில் மைக். ஒவ்வொரு பிறந்த பெண்ணும் வந்து நிற்க, இவர் அவளுடைய அண்ணனையோ தம்பியையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் வந்து குடத்தை இறக்கிப் பூசாரியிடம் கொடுப்பான். ஆளுக்கு ஒரு கேலி வேறு. "டேய் நாச்சிமுத்து, சேலை எங்கடா? பொண்டாட்டி ஒளிச்சு வெச்சுட்டாளா?" பந்தலே சிரிக்கும். அண்ணனுக்கு அந்த நாற்காலி பொருத்தமாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

வரிசை குறையக் குறையக் கடைசியில் இருப்பவர் தெரிந்தார். மஞ்சள் சேலை. வெள்ளைத் தலையில் சும்மாடு, அதன்மேல் குடம். வந்துவிட்டார். அவர் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று காலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அந்த நிமிடம்தான் உணர்ந்தேன்.

அவர் முறை வந்தது. அண்ணன் பெயர் கூப்பிடவில்லை. தவில் தானாகவே நின்றது.

பூசாரி, "இந்தம்மாவுக்கு ஆருங்க எறக்கறது?" என்றார்.

அண்ணன் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு என்னைத் தேடினார். "டேய், சொல்லிட்டேன்னு சொன்னியே?"

"சொல்லலீங்ணா."

"அது நம்ம கூட்டத்துக் குடமில்லை, பூசாரி. உள்ள வராது. அந்தம்மாளை அப்படியே ஓரமாப் போயி, தண்ணியை ஊத்திட்டு, குடத்தை வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

யாரும் நகரவில்லை. மயிலாத்தாளும் நகரவில்லை. கீழே வைத்தால் ஊரெல்லாம் பார்க்க அவர் வெளியாள். வைக்காவிட்டால் கை தாங்காது. குடத்தைப் பிடித்திருந்த கைகள் நடுங்கின. தண்ணீர் தளும்பி நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்க அவருக்குக் கை இல்லை. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தெரியாத ஆளைப்போல நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படி நின்றார்.

நான் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கோபம் இந்தமுறை வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை.

"அர்த்தா, எடுக்காதே" என்றார் அண்ணன்.

"ஏனுங்ணா?"

"அவ நம்ம கூட்டமில்லை."

"நம்ம கூட்டம்னு நீங்கதான் சொன்னீங்க." என் குரல் எனக்கே இரண்டு முறை கேட்டது. அண்ணன் தாழ்த்திய மைக் அணையாமல் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. "அவ உனக்குத் தங்கச்சின்னு சொன்னீங்க. அன்னிக்கிருந்து தங்கச்சிதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் என்னிக்காச்சும் மாத்தியிருக்கறனா? இது பொய்யின்னா, அம்மன் முன்னால நின்னு, நான் என் தம்பிக்குப் பொய் சொன்னேன்னு இந்த மைக்குல சொல்லுங்க. நான் கையை எடுத்துக்கறேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். தேங்காய்க் கொட்டகையில் சிரித்த மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் அம்மன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

குடத்தைப் பிடித்தேன். கோட்டைத் தாண்டிக் கை மேலே போனது. தோளுக்குள் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. தூக்கினேன். என் வேட்டியெல்லாம் தண்ணீர். பூசாரி ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

சேலை வைக்க வேண்டும். என்னிடம் சேலை இல்லை. இவ்வளவு யோசிக்கிற மனிதன் அதை யோசிக்கவில்லை. வெறுங்கையோடு நின்றபோது பின்னாலிருந்து விசாலாட்சி என் இடுப்பில் ஒரு பொட்டலத்தை இடித்தாள். பச்சைச் சேலை, மடிப்புக் கலையாதது. அவளுக்குத் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

"எதுக்கும் இருக்கட்டுமின்னு எடுத்து வெச்சேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "குடுங்க. நிக்கறாங்கல்ல."

கொடுத்தேன். மயிலாத்தாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஈரமான மயிர் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. என் கை இன்னும் பாதி உயரத்திலேயே நின்றிருந்தது. இறக்க முடியவில்லை, வலி.

"கையை எறக்குங்ணா" என்றார் மெதுவாக. "எல்லாம் எறக்கியாச்சு."

செப்டம்பர் 14, சனி

டாக்டர் திட்டினார். தசை கிழிந்திருக்கலாமாம். கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கும்பாபிஷேகம் நல்லபடி முடிந்தது. அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பிரசாதத்தை அவர் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் வரும்போது தட்டை வேறொருவர் கையில் மாற்றிவிட்டார். வீட்டுக்கு வரும்போது விசாலாட்சி சொன்னாள்: "ஊரறியத் தங்கச்சின்னு சொல்லிட்டீங்க. எனக்கு நாத்தனா இல்லையேன்னு இருந்துது. இந்த வயசுல ஒண்ணைக் கொண்டாந்துட்டீங்க." கேலியா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஊரில் என்னைப் பாராட்டுகிறார்கள். சலூன்காரன்கூட எழுந்து நின்று கும்பிட்டான். அண்ணனை எதிர்த்து வென்றுவிட்டேனாம். என்ன வெற்றி? அவர் சைக்கிளில் சொன்னது பொய். ஒரு வார்த்தையில் கலைந்துவிடக்கூடிய பொய். வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில், அம்மன் முன்னால், குடத்தை இறக்கி, சேலை வைத்து நான் சொன்னதை இனி யாராலும் கலைக்க முடியாது. அண்ணன் ஆரம்பித்துவைத்த வேலையை நான் முடித்துக்கொடுத்திருக்கிறேன். எப்போதும் போல.

காலையில் மதில் சுவருக்கு மேலிருந்து அண்ணன் குரல்: "டேய், பந்தல்காரன் வந்திருக்கறான், வந்து பாரு."

"முடியாதுங்ணா" என்றேன். அந்தப்பக்கம் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

பத்து மணிக்குப் போன். மயிலாத்தாள். "கை எப்புடி இருக்குதுங்ணா? மருந்து போடறீங்களா? பச்சைச் சேலை எனக்கு நெம்ப எடுப்பா இருக்குதுன்னு மருமக சொல்றா. அண்ணிகிட்டச் சொல்லிருங்க." குரலில் அப்படியொரு சந்தோஷம். போட்டிருக்கிறேன் அம்மா, சொல்கிறேன் அம்மா என்றேன்.

போனை வைத்ததும் விசாலாட்சி கேட்டாள். "ஆருங்க?"

"தங்கச்சி."

விசாலாட்சி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையில் இருந்த துணியை நாற்காலிமேல் போட்டுவிட்டு, பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டாள். வெகுநேரம் ஓடவிட்டாள். அடுக்களைப் பக்கம்கூட வரவில்லை.

தொட்டி காலையிலேயே நிரம்பிவிட்டது. அதை நிரப்பியவளே அவள்தான்.